ஒரு ‘ப்பு’ வித்தியாசம்

குருநாகலில் இருந்து வந்த புது டொக்டர்
தமிழ் பழகிக்கொண்டிருக்கிறார்.
கொப்பியைத் திறந்து
“ஐயாவுக்கு வலிப்பா?” என்றார்.
இல்லை டொக்டர், எனக்கு வலி.
வலிப்பு பவளத்துக்கு.
அவள் வியாழக்கிழமை வருவாள்.

சிரித்தார். நானும்.
ஒரு ‘ப்பு’வுக்காக இரண்டு கிளினிக்,
இரண்டு கொப்பி, இரண்டு வரிசை.
முடிவில் ஒரே ஜன்னல்,
ஒரே மஞ்சள் குளிசை.

என் கதை சின்னது.
குச்சவெளிப் பக்கம் கடலட்டைக்கு இறங்கினேன்,
நாளுக்கு நாலு சிலிண்டர்.
நாலாவதில் அவசரப்பட்டு மேலே வந்தேன்.
கடல் விட்டுவிட்டது,
இரத்தத்தில் ஏறிய குமிழி விடவில்லை.
அன்றிலிருந்து முழங்காலுக்குக் கீழே
யாரோ நண்டுச் சட்டியை அடுப்பில் வைத்து
இறக்க மறந்துபோனார்கள்.
போர்வை பட்டால் சுடும்.
ஈ உட்கார்ந்தாலும் சுடும்.

பவளத்தின் கதை அவளுக்கே தெரியாது.
நாங்கள்தான் சொல்லவேண்டும்:
மீன் வெட்டிக்கொண்டிருந்தாய்,
கத்தி விழுந்தது,
சாவிக்கொத்தைக் கையில் திணித்தோம்,
நாலு நிமிஷம்.
பக்கத்து வீட்டுச் சங்கதி போல
முழுதும் கேட்பாள். பிறகு
“மீனுக்கு என்ன நடந்தது?” என்பாள்.

குளிசை எங்களை மெதுவாக்கியிருக்கிறது.
என் கணுக்கால் வீங்குகிறது.
அவளுக்குச் சொற்கள் வழுக்குகின்றன.
அகப்பை “அந்தக் கிண்டுறது.”
ஒருநாள் உப்புவெளி பஸ்ஸில் ஏறி
தான் எங்கே இறங்கவேண்டும் என்று
கண்டக்டரிடம் கேட்டிருக்கிறாள்.
ஆனால் பதினொரு மாதம் விழவில்லை.
அதை வாய்விட்டுச் சொல்லமாட்டோம்,
கண்பட்டுவிடும்.

பிறகு அந்த வருஷம் வந்தது.
பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை,
பால்மாவுக்கு வரிசை.
ஆஸ்பத்திரி ஜன்னலில் மட்டும் வரிசை இல்லை,
ஒரு கடதாசி ஒட்டியிருந்தது.
மூன்று மொழியிலும் ‘இல்லை.’
டொக்யாட் வீதிப் பாமசியில்
ஒரு காட் விலையைக் கேட்டு
மடித்த காசை மறுபடி மடித்தாள் பவளம்.
வாசலில் ஒரு மான்
யாரோ எறிந்த மருந்துத் துண்டை மென்றுகொண்டு நின்றது.
அதற்கு என்ன வருத்தமோ.

ரின்னில் ஒன்பது மிச்சம்.
“நீங்க போடுங்கோ. ராவெல்லாம் முனகுறீங்கள்.”
“நீ போடு. எனக்கு வலிச்சால் வலிக்கும், அவ்வளவுதான்.
நீ விழுந்தால்?”
“நான் விழுந்தால் எனக்குத் தெரியாது.
நீங்க கத்தினால் எனக்குத் தெரியும்.”
இப்படியும் ஒரு கணக்கு.

ஒன்பதையும் அவள் பக்கம் தள்ளினேன்.
பெருந்தன்மை என்று யாரும் எண்ணவேண்டாம்.
அவள் விழுவதைப் பார்க்க எனக்குப் பயம்.

மூன்றாம் இரவு
கால் எரிந்து விழித்துக் கிடந்தேன்.
துறைமுகத்தில் நின்ற ஏதோ கப்பலின் வெளிச்சம்
கூரைத் தகட்டு ஓட்டையால் வந்தது.
பக்கத்தில் அவள் கை அசைந்தது.
மறுபடி. தோளும் சேர்ந்து இழுத்தது.
இருட்டில் சாவியைத் துழாவினேன்,
எண்ணத் தொடங்கினேன்.

பல் கடிபடவில்லை.
மூச்சு சீராகத்தான் இருந்தது.
இரண்டு கையும் முன்னே போய்
நெஞ்சுக்கு வந்தன,
முன்னே போய்
நெஞ்சுக்கு.
மூதூரில் தகப்பனின் தோணியை
பதினொரு வயதில் வலித்தவள்.
கனவில் துடுப்பு வலிக்கிறாள்.

டொக்டர், உங்கள் தமிழுக்கு
இன்னொரு வலியும் இருக்கிறது.
கொப்பியில் எழுதவேண்டாம்.

எண்ணுவதை நான் நிறுத்தவில்லை.
நிமிஷத்தை விட்டுத் துடுப்பை எண்ணினேன்.
நாற்பத்திரண்டில் கரை தட்டியிருக்கவேண்டும்,
கை அவிழ்ந்து
என் காலில் விழுந்தது.
சுட்டது.
எடுக்கவில்லை.